வேர் எழுதிய ‘ட’

மானாவாரிக் கொல்லைகளில் டிராக்டர் ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்



முப்பத்தோரு வருஷம் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் நான். காகிதத்தில் உதவி வேளாண்மை அலுவலர்; ஊரில் ‘அக்ரி சார்’. அத்தனை வருஷமும் கூட்டம் போட்டால் நிலத்துக்காரர்களைத்தான் கூப்பிடுவோம். விதை நேர்த்தி, பட்டம், ஜிப்சம் என்று அவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வற்றியது. கொல்லையில் இறங்கி மண்ணைப் புரட்டுகிற உங்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டால், “கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லுப்பா, மீட்டிங் நடக்குது” என்று ஆள் அனுப்பியிருக்கிறோம். அந்தப் பாவத்துக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில், மழை நின்று பத்தாம் நாள் மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலைச் செடி, நிற்குமா சுருளுமா என்பதில் பாதி, விதை விழுவதற்கு முன்பே உங்கள் கையில் முடிவாகிவிடுகிறது. உங்கள் வலது பக்கம் ஹைட்ராலிக் லீவர் ஒன்று இருக்கிறதே, அதை எவ்வளவு இறக்குகிறீர்கள், எந்த ஈரத்தில் இறக்குகிறீர்கள், வருஷா வருஷம் அதே மட்டத்தில் நிறுத்துகிறீர்களா என்பதில்.

இது எனக்கு வேலையில் இருந்தபோதே தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

போன ஆவணி. எனக்கு இரண்டரை ஏக்கர் கொல்லை. ஆடியில் விதைத்த மல்லாட்டை, நாற்பது நாள் பயிர். பூவெடுத்து விழுது இறங்குகிற சமயம் பார்த்து மழை கையை விரித்துவிட்டது. ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் இலைகள் கைகூப்பின மாதிரி மடங்கின. மல்லாட்டைக்கு அது வழக்கம்தான். வெயில் நேராகப் படாமல் இலையை மடக்கிக்கொள்ளும், சாயந்தரம் விரித்துவிடும். எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கே மடங்கிவிட்டது. பதினொன்றாம் நாள் சாயந்தரமும் விரியவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு கதை. பக்கத்துக் கொல்லைக்காரரும் நானும் ஒரே மூட்டை விதையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். ஒரே மழையில் ஒரு நாள் முன்பின்னாக விதைத்தவர்கள். அவர் செடிகள் மதியம் மடங்கி, நாலு மணிக்கெல்லாம் விரிந்து, பச்சையாகவே நின்றன. எருதான் காரணம் என்று இரண்டு நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் மனசு கேட்காமல் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கொல்லை நடுவில் குழி தோண்டினேன்.

மேலே ஐந்து அங்குலம் மண் மாவாக இருந்தது. விபூதி மாதிரி உலர்ந்து விரலில் ஒட்டியது. அதற்குக் கீழே மண்வெட்டி ‘ணங்’ என்றது. கல் என்று நினைத்துப் பக்கத்தில் வெட்டினேன், அங்கேயும் ‘ணங்’. முழுக் குழிக்கும் ஒரே மட்டத்தில், மெழுகிவிட்ட திண்ணை மாதிரி, மூன்று விரல்கடை கனத்துக்கு ஒரு தளம். கடப்பாரையால் பெயர்த்தால் பில்லை பில்லையாக வந்தது. அதையும் உடைத்துக் கீழே போனால், என்ன சொல்வது தம்பி, கறுத்த சிவப்பில் ஈர மண். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறது. மழை நின்று பதிமூன்று நாளாகிறது, செடி செத்துக்கொண்டிருக்கிறது, ஒரு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது.

குழியின் ஓரத்தில் நின்ற செடியின் வேரைக் குச்சியால் மண் தட்டிப் பார்த்தேன். ஆணிவேர் ஐந்து அங்குலம் நேராக இறங்கியிருந்தது. தளத்தில் முட்டிய இடத்தில் நுனி மொட்டையாகத் தடித்து, அப்படியே பக்கவாட்டில் திரும்பி, தளத்தின் மேல் படுத்துக்கொண்டே போயிருந்தது. சிலேட்டில் எழுதின மாதிரி அச்சாக ஒரு ‘ட’. பத்துச் செடி பார்த்தேன். ஏழு ‘ட’.

அந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் டீக்கடை ஓரம் ஒரு வண்டி நின்றது. பின்னால் ரோட்டாவேட்டர். அதன் பிளேடைக் குனிந்து பாருங்கள். அதுவும் ‘ட’தான்.

இதற்காக ரோட்டாவேட்டரைத் திட்டப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கொல்லையில் ஏழு வருஷமாக அதை விடச் சொன்னவன் நானே. “இன்னொரு ஓட்டு ஓட்டுப்பா, மண்ணு மாவாட்டம் இருக்கணும்” என்று வரப்பில் நின்று கை காட்டியவனும் நானே. மேல் மண் பொலபொலப்பாக இருந்தால் விழுது சுலபமாக இறங்கும், காய் பெருக்கும், அது உண்மைதான். விழுதுக்கு வேண்டியது மேலே இரண்டு மூன்று அங்குலம். தண்ணீருக்கு வேண்டியது கீழே இரண்டு மூன்று அடி. நாம் முதலாவதை மட்டும் பார்த்து ஓட்டினோம்.

ரோட்டாவேட்டர் பிளேடு மண்ணை வெட்டி மேலே எறிகிறது. எறியும்போது அடியில் இருக்கிற மண்ணை ஒவ்வொரு சுற்றிலும் தடவி, அமுக்கி, வழவழப்பாக்குகிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் கொத்தனார் கரணை போடுகிற வேலையேதான். மேலே இரண்டு டன் வண்டி வேறு. அடுத்த வருஷம் அதே ஐந்து அங்குலம், அதற்கடுத்த வருஷமும் அதே. பொடியான மண் துகள் மழையோடு இறங்கி அந்தத் தளத்தின் இடுக்குகளை அடைக்கிறது. செம்மண்ணில் இருக்கிற இரும்புச் சத்து காயக் காய அதைச் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்கிறது. கரிசல் மண்ணாக இருந்தால் கோடையில் பாளம் பாளமாக வெடித்துத் தன்னைத் தானே கொஞ்சம் உடைத்துக்கொள்ளும். செம்மண்ணுக்கு அந்தக் குணம் இல்லை. நாம் போட்ட தளத்தை நாம்தான் உடைக்க வேண்டும்.

மாட்டு ஏர் காலத்தில் இது இல்லை என்று யாராவது பெரியவர் சொன்னால் நம்பாதீர்கள். நாட்டுக் கலப்பையும் ஒரே ஆழத்தில் கீறியதுதான், மாட்டுக் குளம்பும் மிதித்ததுதான். அன்றைக்கும் தளம் இருந்தது. இன்றைக்குப் போல இவ்வளவு எடையும் இவ்வளவு வேகமும் இல்லை, அவ்வளவே.

இனி வேரைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் இன்ஜின் தெரிந்தவர்கள், உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

வேர் மண்ணைத் துளைப்பது முழுக்க முழுக்கத் தண்ணீர் அழுத்தத்தால். ஹைட்ராலிக்தான். நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற செல்கள் தண்ணீரை இழுத்து உப்பி நீளும்போது நுனி முன்னே தள்ளப்படுகிறது. நுனியில் தேய்ந்தாலும் புதிதாக வளரும் ஒரு சிறு தொப்பி. அது வழவழவென்று ஒரு பசையைக் கக்கி, கிரீஸ் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. மண்ணுக்குள் ஒரு கூர்மையான கம்பியை அழுத்தி எதிர்ப்பை அளப்பார்கள். அந்த எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அளவை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 290 பவுண்டு. லாரி டயரில் அடிக்கிற காற்றைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரமாக இருக்கும்போது வேர் எப்படியோ நுழைந்துவிடக்கூடிய அதே தளம், காய்ந்ததும் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதாவது செடிக்கு ஆழம் தேவைப்படும் நாளில்தான் கதவு சாத்தப்படுகிறது.

2021இல் வேறொன்றும் தெரியவந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே, மால்கம் பென்னட் முதலானவர்கள் நெல் வேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி. வேரிலிருந்து எத்திலீன் என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். மாங்காயைப் பழுக்க வைக்கிறார்களே, அதே எத்திலீன். பொலபொலப்பான மண்ணில் அது இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். இறுகிய மண்ணில் வெளியேற வழியில்லாமல் வேர் நுனியைச் சுற்றியே தேங்கும். அது கூடிப்போனதும் வேர், “முன்னால் வழியில்லை, நில்” என்று எடுத்துக்கொண்டு நீள்வதை நிறுத்தித் தடிக்கிறது. எத்திலீனை உணர முடியாதபடி மரபணு மாறிய நெற்செடிகளின் வேர் அதே இறுகிய மண்ணில் நுழைந்து போயிருக்கிறது. ஆக, வேருக்கு வலு இல்லாதது மட்டும் காரணமில்லை. அது சிக்னல் பார்த்து பிரேக் போடுகிறது. என் குழியில் அந்த நுனிகள் மொட்டையாகத் தடித்திருந்தது ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மல்லாட்டை இந்தத் தளத்தில் எப்போது முட்டும் என்று நினைக்கிறீர்கள்? முளை மண்ணுக்கு மேல் தலை காட்டுகிற நாளிலேயே ஆணிவேர் நாலு அங்குலம் போல இறங்கியிருக்கும். விதைத்த முதல் பத்து நாளுக்குள் முட்டிவிடும். நாற்பதாம் நாள் நான் பார்த்த வாட்டம், பத்தாம் நாளே எழுதியாகிவிட்டது.

மல்லாட்டைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இறைவையில் போட்டாலும் ஆரம்பத்தில் கொஞ்சம் வாட விடுவார்கள். வாடினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும், பூவும் ஒன்றாக எடுக்கும் என்பது கணக்கு. சரியான கணக்கு. ஆனால் தேடிப் போக வழி இருக்க வேண்டுமே. தளத்தின் மேல் வாட விட்டால் வாட்டம் மட்டும்தான் மிச்சம்.

இப்போது ஒரு கூட்டல் கணக்கு. நம் செம்மண் கொல்லையில் ஒரு அடி ஆழ மண், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராகச் சுமார் 30 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். மணல் கூடினால் குறையும், களி கூடினால் கூடும், ஒரு மட்டத்துக்கு 30 என்று வையுங்கள். நாற்பது நாள் பயிர் ஆவணி வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் போலக் குடிக்கும். வேர் ஐந்து அங்குலத்தோடு நின்றால் அதன் கையிருப்பு பன்னிரண்டு, பதிமூன்று மில்லிமீட்டர். இரண்டரை நாள் சாப்பாடு. மூன்று அடி இறங்கினால் 90 மில்லிமீட்டர். பதினெட்டு நாள். பெய்த மழை ஒன்றுதான், விதை ஒன்றுதான், இரண்டரை நாளுக்கும் பதினெட்டு நாளுக்கும் நடுவில் மூன்று விரல்கடை தளம்.

இரண்டரை நாள்தான் என்றால் என் செடி பதினொன்றாம் நாள் வரை எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்கலாம். சிக்கனம் பிடித்தது. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற பொருள் கூடும். அது இலையில் இருக்கிற நுண்துளைகளை மூடச் செய்யும். தண்ணீர் வெளியே போவது குறையும். ஆனால் அதே துளை வழியாகத்தான் காற்று உள்ளே போய்ச் சாப்பாடு சமைக்கப்படுகிறது. கடையைச் சாத்திவிட்டுச் செலவைக் குறைத்த மாதிரி. கரன்ட் பில் மிச்சம், வியாபாரமும் இல்லை. விழுது இறங்குகிற நாளில் செடி கடையைச் சாத்தினால் அந்த விழுதுக்குக் காய் ஏது?

வேர் என்றதும் நாம் பிடுங்கும்போது கையோடு வருகிற கொத்தைத்தான் நினைக்கிறோம். 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கர் ஒரு மரப்பெட்டியில் ஒற்றை ரை செடியை நாலு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி வேரின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டார். 623 கிலோமீட்டர் வந்தது. சென்னையிலிருந்து பஸ் ஏறினால் கிட்டத்தட்ட திருநெல்வேலி. ஒரு செடிக்கு! அந்த ஆளின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இடம் கொடுத்தால் வேர் என்ன செய்யும் என்பதற்காகச் சொன்னேன்.

விதையை மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். விஞ்ஞானிகள் அந்தப் பக்கத்திலிருந்தும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசியாவில் பரவலாகப் பயிரான ஐஆர் 64 நெல்லுக்கு மேலோட்டமான வேர். பிலிப்பைன்ஸ் மேட்டு நிலங்களில் விளையும் கினான்டாங் பட்டோங் என்ற நெல்லுக்கு ஆழமான வேர். ஜப்பானில் யூசாகு உகாவும் குழுவினரும் இந்த இரண்டையும் வைத்து ஆராய்ந்து, வேர் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் ஒரு மரபணுவைப் பிடித்து 2013இல் வெளியிட்டார்கள். அதை ஐஆர் 64க்குள் கொண்டுவந்ததும் வேர் படுக்காமல் செங்குத்தாக இறங்கியது. வறட்சியிலும் நெல் மணி கட்டியது. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் ஐஆர் 20ஐயும் மானாவாரி நெல்லான நூற்றிப்பத்தையும் கலந்து இந்த மாதிரி குணங்களைத் தேடியிருக்கிறார்கள். நல்ல வேலைகள். ஆனால் செங்குத்தாக இறங்கப் பிறந்த வேரும் திண்ணையைத் துளைக்காது. விதைக்குள் வைத்த ஆழத்தை வெளியே எடுப்பது, மறுபடியும், உங்கள் லீவர்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். கழனியில் சேடை ஓட்டும்போது நாம் வேண்டுமென்றேதான் தளம் போடுகிறோம். கேஜ் வீல் மாட்டிக் கலக்குவதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான். நெல்லுக்கு அது தேவை. அந்தக் கழனியில் நெல்லுக்குப் பின் உளுந்து போட்டால் அதே தளம் உளுந்துக்கு இடைஞ்சல் ஆகும். அது தனிக் கதை. நான் பேசுவது கொல்லையைப் பற்றி மட்டும். கழனியில் சேடை ஓட்டிய கையோடு, ஈரம் காயாத கொல்லையில் அதே நினைப்பில் இறங்குகிறோம் பாருங்கள், அங்கேதான் வம்பு.

பக்கத்துக் கொல்லைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஓரத்திலும் ஒரு குழி எடுக்க அனுமதி கேட்டேன். “எடுத்துக்கங்க சார், ஆனா மூடிட்டுப் போவணும்” என்றார். அங்கேயும் தளம் இருந்தது, ஆனால் துண்டு துண்டாக. குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்த கோடுகள். வேர்கள் அந்தக் கோடுகளில் திருவிழாக் கூட்டம் மாதிரி இறங்கியிருந்தன. ஒரு வேரைப் பின்தொடர்ந்து இரண்டே முக்கால் அடி வரை போனேன். அதற்குமேல் என் முதுகு ஒத்துழைக்கவில்லை.

காரணம் இதுதான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடையில், அடித் தளத்தைக் கீறி உடைக்கும் உளிக்கலப்பைச் செயல்விளக்கத்துக்கு ஒரு ஏக்கர் காட்ட வேண்டியிருந்தது. யாரும் சம்மதிக்கவில்லை. பழகின தோஷத்துக்கு அவர் தலையில் கட்டினேன். வண்டி போன பிறகு கொல்லையைப் பார்த்துவிட்டு, “கல்லு கல்லா பேத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க சார், இதுல எவன் விதைப்பான்” என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் ‘செயல்விளக்கம் முடிந்தது’ என்று எழுதிவிட்டு நானும் மறந்துபோனேன். என் சொந்தக் கொல்லைக்கு அதை விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் கொல்லையில் இன்னொன்றும் பார்த்தேன். ஆறு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை விடுகிறவர் அவர். போன வருஷத்துத் துவரை வேர் மக்கி, பென்சில் கனத்தில் ஓட்டையாக நின்ற இடங்களில், இந்த வருஷத்து மல்லாட்டை வேர் நுழைந்து சறுக்கிக்கொண்டு போயிருந்தது. துவரை வேருக்கு இறுகிய மண்ணை ஊடுருவும் வலு அதிகம். அதை உயிருள்ள கலப்பை என்றே சொல்வார்கள். அதோடு, துவரை வேர் ராத்திரியில் அடி ஈரத்தை மேலே இழுத்து, காய்ந்த மேல் மண்ணில் கொஞ்சம் கசியவிடும். கேழ்வரகோடு துவரையைச் சேர்த்து வளர்த்து, பக்கத்துச் செடிக்கும் அந்த ஈரம் உதவுவதைச் சோதித்திருக்கிறார்கள். துவரைச் சாலை மிதிக்காமல் வண்டியைத் திருப்புவது உங்களுக்கு எரிச்சல் என்று தெரியும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகசூல் இரட்டிப்பு என்று கதை விடமாட்டேன். பதினாறாம் நாள் மழை வந்து என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது. அறுவடையில் ஏக்கருக்கு நாலு மூட்டை வித்தியாசம். அந்த நாலும் உளிக்கலப்பை கொடுத்தது என்றும் சொல்ல மாட்டேன், அவர் எருவும் கூடுதலாக அடித்தவர். பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் உளிக்கலப்பை, பிறகு குறுக்கே அதே மாதிரி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படிச் செய்த நிலத்தில் சுமார் 30 சதவீதம் கூடுதல் மகசூல் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

உளிக்கலப்பையில் உங்களுக்கு இருக்கிற தயக்கம் எனக்குத் தெரியும். வண்டி திணறும். டீசல் குடிக்கும். வலு குறைந்த வண்டி வைத்திருக்கிறவர் இழுக்க முயன்றால் டயர் சுற்றும், கிளட்ச் போகும். அவர் முயல வேண்டாம், வலுவான வண்டி வைத்திருக்கிறவர் செய்யட்டும். மாட்டிக் காட்ட ஆள் இல்லாமல் ஷெட்டில் துருப்பிடிக்கிற உளிக்கலப்பைகள் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்; உளி முனை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதில் வேலை முழுக்க நேரம் பார்ப்பதில் இருக்கிறது. தளம் காய்ந்திருக்கும்போது உளி போனால் அதிர்ந்து, பக்கவாட்டில் விரிசல் ஓடி உடையும். ஈரத்தில் விட்டால் களியில் கரண்டி விட்ட மாதிரி. கரண்டி போன தடம் மட்டும் தெரியும், களி மறுபடி கூடிக்கொள்ளும். காசும் போச்சு, டீசலும் போச்சு. சித்திரையில் ஒரு மழை பெய்து, மேல் மண் இளகி, அடி இன்னும் காய்ந்தே இருக்கிற அந்த நாலைந்து நாள்தான் அருமையான நேரம்.

ரோட்டாவேட்டருக்கு நேர் எதிர்ப் பயம். அது ஈரத்தில் தளம் போடும். அதனால் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மேல் மண்ணைப் பார்த்துப் பதம் சொல்லாதீர்கள். மேல் மண் எப்போதும் பொய் சொல்லும். வெயில் பட்டு இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடும். பிளேடு போகப்போகிற ஆழத்துக்கு, ஐந்தாறு அங்குலத்துக்குத் தோண்டி, அங்கிருந்து ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து விளக்குத் திரி மாதிரி உருட்டிப் பாருங்கள். திரியாகத் திரண்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் டீ குடியுங்கள். உருட்டும்போதே உதிர்ந்தால் இறங்கலாம். நிலத்துக்காரர் அவசரப்படுத்துவார், நான்கூட அவசரப்படுத்தியிருக்கிறேன். அந்தத் திரியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வருஷமும் ரோட்டாவேட்டர் வேண்டாம். ஒரு வருஷம் ஒன்பது கலப்பை, ஒரு வருஷம் சட்டிக் கலப்பை, விதைப்புக்கு முன் மேலாக ஒரே ஒரு ஓட்டு ரோட்டாவேட்டர் என்று மாற்றி, மட்டத்தையும் கூட்டிக் குறைத்துப் போட்டாலே தளம் ஒரே இடத்தில் கனக்காது. மாவாக அரைத்த செம்மண் முதல் மழையிலேயே மேலே பூச்சுப் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் ஓடவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொல்லை ஓரத்து ஓடையில் சிவப்புத் தண்ணீர் ஓடுவதை ஓட்டிக்கொண்டே எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கு மணிக் கணக்கில் கூலி. ஒரே ஓட்டில் மண் மாவானால் நிலத்துக்காரருக்குச் சந்தோஷம், உங்களுக்கு அடுத்த கொல்லை. பதம் வரட்டும் என்று காத்திருந்தால் உங்களுக்கு வருமானம் இல்லை, சீசனில் ஒரு நாள் போனால் போனதுதான். இதை யோசிக்காமல் உங்களுக்கு உபதேசம் செய்வது சுலபம். அதனால் நிலத்துக்காரர்களுக்கும் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்: பதம் இல்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற ஓட்டுநருக்கு வந்து போன டீசல் காசைக் கொடுங்கள் என்று. இதுவரை மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் அதில் ஒருவர்.

என் கொல்லைக் குழியை நான் மூடவில்லை. மேலே இரண்டு பலகை போட்டு வைத்திருக்கிறேன். சித்திரையில் முதல் மழை பெய்ததும் உளிக்கலப்பை வருகிறது, இரண்டரை ஏக்கருக்கும் குறுக்கும் நெடுக்குமாக. வண்டி ஓட்டப்போகிற தம்பிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஏழு வருஷம் என் கொல்லையில் ரோட்டாவேட்டர் ஓட்டிய அதே தம்பிதான். குழிக்குள் இறங்கி அந்தத் தளத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நான் போட்டதா சார் இது?” என்று கேட்டான். நாம் போட்டது என்றேன். நீங்களும் அன்றைக்கு வாருங்கள். வரும்போது உங்கள் வண்டியில் கிடக்கிற நீளமான கம்பி ஒன்றை எடுத்து வந்தால் நல்லது; உழுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை குத்திப் பார்க்கலாம். டீயும் கேழ்வரகு அடையும் என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அக்ரி சார்,
இப்போது இரண்டரை ஏக்கர் கொல்லைக்காரன்